கூரை மாறிய கதை

மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். சேமிப்பு வளர்ந்த கதை, வங்கிக் கடன் வாங்கிய கதை, மாடு வாங்கிய கதை என்று ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டார்கள். நான் கூரையைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். "கூரையில என்னக்கா இருக்கு எழுதறதுக்கு?" என்று கேட்டாள் எங்கள் குழுப் பொருளாளர். அவளுக்குத்தான் முதல் பதில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாசம், என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து பதினெட்டு நாள். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. எங்களுடையது அரசாங்கத் திட்டத்தில் கட்டிய தளம் போட்ட வீடு. பகலில்கூட எப்படியோ ஓட்டிவிடலாம். விளக்கு வைத்த பிறகுதான் வேதனை. வெளியே காற்று ஆறியிருக்கும், உள்ளே தளத்திலிருந்து சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் அள்ளி மேலே கொட்டும். பச்சைப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ராத்திரி பதினோரு மணி வரை ஓயாத அழுகை. கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் கீற்று போட்டிருந்தது. மாட்டை வெளியே கட்டச் சொல்லி, கூட்டிக் கழுவி, அங்கே தூளி கட்டினேன். பிள்ளை தூங்கிவிட்டது.

அப்போது என் பெண் சொன்னாள்: "ஏம்மா, நம்ம பழைய குடிசையே இருந்திருக்கலாம்போலருக்கே."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. "வாயை மூடு" என்று கத்திவிட்டேன். பிள்ளை பெற்ற உடம்புக்காரியை அப்படிச் சொன்னது தப்புதான். ஆனால் அந்தக் குடிசை எப்படிப் போனது, இந்தத் தளம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. நம் சங்கங்களில் இருக்கும் சின்ன வயசுப் பெண்கள் பலருக்கும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது குடிசையில். மண் சுவர், மூங்கில் கழி, பனையோலை. பிறகு கீற்று. உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் என்பது பொய்யில்லை. கீற்று வெயிலைத் தாங்கும், ஆனால் சேர்த்து வைக்காது. ஒன்றின் மேல் ஒன்றாக வேய்ந்த ஓலைகளுக்கு நடுவே காற்று நிற்கும், அந்தக் காற்றுதான் சூட்டைத் தடுக்கும். பொழுது சாய்ந்த அரைமணியில் கூரை ஆறிப்போகும். மண் சுவரும் அப்படியே. இன்றைக்கு இன்ஜினியர்கள் பெரிய பெரிய பேர் வைத்துச் சொல்லுகிற வெப்பத்தடுப்பு, நம் ஆட்களுக்கு ஒரு கட்டு ஓலையில் கிடைத்திருந்தது.

ஆனால் அந்தக் குடிசை நின்ற மண் யாருடையது? அதைச் சொல்லாமல் குளிர்ச்சியை மட்டும் பேசினால் அது பாதிக் கதை. பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாள்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் மனை கிடையாது. மிராசுதார் நிலத்து ஓரத்தில், வாய்க்கால் மேட்டில், அவர் சொன்ன இடத்தில் குடிசை போட்டுக்கொள்ள வேண்டும். அவர் போ என்றால் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். நாளைக்குப் போகச் சொல்லும் மனையில் யார் செங்கல் சுவர் வைப்பார்கள், யார் ஓடு போடுவார்கள்? கையில் காசு இருந்தாலும் கீற்றுதான். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது வேலையைப் பற்றியது. குடியிருந்த மனை அப்படியே மிராசுதாரிடம்தான் இருந்தது.

1968 டிசம்பர் 25 ராத்திரி. கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் தெரு தாக்கப்பட்டது. உயிருக்குப் பயந்து பெண்களும் குழந்தைகளும் பெரியவர்களும் ஒரு சின்னக் குடிசைக்குள் ஒளிந்தார்கள். அதைக் கொளுத்திவிட்டார்கள். 44 பேர். அந்த ஊர் இன்று நாகப்பட்டினம் மாவட்டம், அன்று தஞ்சாவூர் ஜில்லா. என் அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தலையைத் தூக்கி எங்கள் கூரையை ஒரு தடவை பார்ப்பார். சின்ன வயசில் அது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

அதற்குப் பிறகுதான், 1971-ல், குடியிருப்பு மனைகளை அதில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. நம் உறுப்பினர்கள் பலர் கடன் மனுவோடு கொண்டுவந்து வைக்கிற மனைப் பட்டாவுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. பட்டா வந்த பிறகுதான் சுவரைக் கல்லில் எழுப்பலாம், மேலே நிரந்தரமாக ஒன்று போடலாம் என்ற நினைப்பே வந்தது.

வெண்மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கி வேலை செய்தவர்கள் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும். 1981-ல் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலத்தைக் கடனில் வாங்கிப் பெண்கள் பேரிலேயே பதிய வைத்தார்கள். 2008-ல் அவர்களுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. நிலத்தோடு நிற்காமல், குடிசையை எடுத்துவிட்டுக் கல்வீடு கட்டும் வேலையிலும் இறங்கினார்கள். பெண்களே செங்கல் அறுத்துச் சூளை போட்டுத் தங்கள் வீட்டுக்குக் கல் தயாரித்தார்கள். பட்டா, நிலம், கல் எல்லாம் பெண் பேரில், பெண் கையில்.

தீ மட்டும் விடவில்லை. கோடை வந்தால் ஒரு அடுப்புப் பொறியில் ஒரு தெருவே போகும். 2004 ஜூலை 16 யாருக்கும் மறக்காது. கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக்கூரையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக்கூரை கூடாது என்று அரசாங்கம் எடுக்க வைத்தது. அப்புறம் 2018 நவம்பர் 16, கஜா புயல். அன்றைக்கு ராத்திரி ஓடும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டும் காகிதம் மாதிரிப் பறந்தன. தளம் போட்ட வீட்டுக்குள் நாங்கள் நாலு குடும்பம், பதினேழு பேர், விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு என் பெண்ணும் அந்தத் தளத்துக்கு அடியில்தான் இருந்தாள். மறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஆகவே தளம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் தளம் என்றால் சூடாகத்தான் இருக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் எங்கள் அப்பாயி சித்தாள் வேலை பார்த்தவர், அவர் அடித்த தளம் எனக்குத் தெரியும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் திண்ணை, உள்ளே நடை, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பிறகு கூடம். முற்றம் வழியாகச் சூடான காற்று மேலே போகும், திண்ணைப் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரும். தாழ்வாரத்தில் நாட்டு ஓடு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு. கூடத்துக்கு மேலே மட்டும் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் மச்சு. அது எப்படிப் போட்டார்கள் என்று அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கமாகக் கட்டைகள். அந்தக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அது இறுகியதும் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அதன் மேல் கனமாகக் கொட்டுவார்கள். இங்கேதான் பெண்கள் வருகிறார்கள். வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் தட்டுக்கட்டையோடு, நாள் கணக்கில் அடிக்க வேண்டும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். கட்டை துள்ளி எழும்பும் வரை, பள்ளம் விழாமல் கெட்டியாகும் வரை. ஒருத்தி பாட்டை எடுப்பாள், மற்றவர்கள் அந்தத் தாளத்தில் அடிப்பார்கள். அதற்கும் மேலே தட்டோடு பதித்து இணைப்புகளைச் சாந்து பூசி அடைப்பார்கள்.

மொத்தம் முக்கால் அடிக்குக் குறையாத கனம். கல்லும் சுண்ணாம்பும் ஜல்லிக்கு நடுவிலுள்ள சின்னச் சின்னக் காற்றறைகளும் சேர்ந்து, வெயில் உள்ளே இறங்க விடாது. சித்திரை மத்தியானத்தில்கூட அந்தக் கூடத்துத் தரையில் படுத்தால் ஜில்லென்று இருக்கும். அப்பாயி சொல்வார்: "நாங்க அடிச்ச தளத்துக்குக் கீழ நாங்க ஒரு நாளும் படுத்ததில்ல." கூலி வாங்கக் கொல்லைப்புறமாகப் போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவார்களாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நமக்கு வீடு கட்டித் தரும் திட்டங்கள் வந்தபோது, அந்தத் தளத்தின் அடிப்பாகம் மட்டும் நமக்கு வந்தது, மேல்பாகம் வரவில்லை.

1985-ஐ ஒட்டி இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. நாம் தொகுப்பு வீடு, காலனி வீடு என்று சொல்வது இதைத்தான். 1997-லிருந்து சமத்துவபுரங்கள். 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், குடிசைகளையெல்லாம் கான்கிரீட் வீடாக்குவது என்று. 2011-ல் பசுமை வீடு, 300 சதுர அடி, சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்கோடு. 2016-லிருந்து பிரதமர் பேரில் உள்ள வீட்டுத் திட்டம். 2024-ல் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு. இத்தனை ஆட்சியிலும் இத்தனை திட்டத்திலும் குடிசை குறைந்துகொண்டே வந்தது உண்மை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. ஆனால் பாருங்கள், பசுமை வீட்டில் விளக்கு சூரியனில் எரிந்தது, வீடும் சூரியனில் எரிந்தது. பேர் பசுமை, உள்ளே போனால் அடுப்பு.

நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம், மேலே ஒன்றும் இல்லை. கொடுக்கிற தொகைக்குள் தளம் ஓட்டினாலே பெரிசு. கொத்தனார் 'வெதரிங் கோர்ஸ்' என்று சொல்லும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் "அப்புறமாப் போட்டுக்கலாம்" என்று நின்றுவிடும். அந்த அப்புறம் வருவதே இல்லை. வெறும் சாம்பல் நிறக் கான்கிரீட் தன் மேல் விழுகிற வெயிலில் பாதிக்கு மேல் குடித்துவிடும். உச்சி வெயிலில் கால் வைக்க முடியாது. குடித்த சூடு உடனே உள்ளே வராது. மெல்ல மெல்ல இறங்கி, பொழுது சாய்ந்து நாம் வேலை முடிந்து வந்து அடுப்புப் பற்றவைக்கிற நேரத்துக்குத்தான் அடிப்பக்கம் வந்து சேரும். சூடு பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து வருவதற்குக் காரணம் இதுதான். ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மதகடிக்கோ கோயில் திண்ணைக்கோ போய்விடுவார்கள். உள்ளே இருப்பது யார்?

வெளியூர்க்காரர்கள் இதற்கு என்ன செய்தார்கள் என்று பயிற்சிக்குப் போன இடங்களில் கேட்டு வைத்தேன். அமெரிக்காவில் 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது, ஏழைகள் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ளவே சம்பாத்தியத்தைக் கொட்ட வேண்டியதாயிற்று. 1976-லிருந்து அரசாங்கமே ஆள் அனுப்பி, ஏழை வீடுகளில் சந்து அடைத்து, பரணிலும் சுவரிலும் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்துக் கொடுக்கிறது. நமக்கு நேர் எதிர்ப்பிரச்சினைதான். ஆனால் அவர்கள் புரிந்துகொண்டது முக்கியம்: கரண்டுக்கு வருஷா வருஷம் மானியம் கொடுப்பதைவிட வீட்டை ஒரு தடவை சரிபண்ணிக் கொடுப்பது மேல்.

நமக்குப் பக்கத்து உதாரணம் அகமதாபாத். 2010 மே மாச வெப்பத்தில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2013-ல் அந்த நகரம் வெப்பத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் போட்டது. அங்கே சேவா பெண்கள் சங்கத்திலிருந்து 1994-ல் பிறந்த மகிளா ஹவுசிங் டிரஸ்ட், குடிசைப் பகுதிப் பெண்களைக் கொண்டே தகரக்கூரைக்கும் தளத்துக்கும் வெள்ளை அடிக்க வைத்தது. நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கையே கொண்டு வந்தது. நம் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்பத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. செத்த பிறகு வருவது அது. சாகாமல் இருக்க என்ன உண்டு என்று தேடினேன்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2018-ல் ஒரு விதிமுறை கொண்டு வந்திருக்கிறது. கூரை வழியாக எவ்வளவு சூடு இறங்கலாம் என்றுகூட அதில் கணக்கு இருக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் அது. அதாவது பன்னிரண்டு சென்டுக்கு மேல். நம்மிடம் இருப்பது மூன்று சென்ட், ஐந்து சென்ட். அந்த விதிமுறை நம் தெருவுக்குள் வராது.

நம் தெருவுக்கு வந்ததெல்லாம் பொருள்கள். 2011-ல் மிக்ஸி, கிரைண்டரோடு ஒரு ஃபேன். 2015-லிருந்து உஜாலா திட்டத்தில் மலிவு விலை எல்இடி பல்பு. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட், அது நல்ல லாபம்தான். 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த 100 யூனிட்டில்தான் கணக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 108. வேறெதுவும் போடாமலேயே இலவசம் தீர்ந்து பணம் கட்ட வேண்டி வருகிறது. இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். அதே 12 மணி நேரத்துக்கு ஒரு ஃபேனுக்கு 22 யூனிட் கூட வராது, இரண்டுக்கும் சேர்த்து 43 சொச்சம். விலை கூடுதல்தான், ஆனாலும் பழைய ஃபேன் காயில் போய்விட்டால் அதற்கு மறுபடி காயில் சுற்றாமல் இதை வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வாங்கும்போது நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். 2023-லிருந்து சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம்.

சோலார் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி தளம் வேண்டும். வெயில் நாளில் நாலு யூனிட் வரும். பேனல் இருக்கும் இடத்துக்கு அடியில் தளத்தில் வெயில் படாது, அது ஒரு கூடுதல் லாபம். ஆனால் நான் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓட்டுகிற குடும்பம் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். கட்டாத பில்லை மிச்சம் பிடிக்கக் கடன் எதற்கு? தையல் மெஷின், மாவு மெஷின், ஃபிரிட்ஜ் என்று 300, 400 யூனிட் போகிறவர்கள் தாராளமாக யோசிக்கலாம். மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். செத்துப்போன மாமனார் பேரிலேயே இருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் மற்றது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அந்தச் சித்திரையில் நான் முதலில் செய்தது முட்டாள்தனம். உள்கடன் எடுத்து ஏர் கூலர் வாங்கினேன். கடைக்காரர் ஊட்டி மாதிரி இருக்கும் என்றார். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூலரைப் போட்டால் உடம்பு பிசுபிசு என்று ஆகிவிடும். பில்லும் ஏறியது. இப்போது அது வைக்கோல் போரின் பக்கத்தில் கோழி முட்டையிடும் இடமாக இருக்கிறது. அந்தக் கடனைப் பத்து மாதம் கட்டினேன்.

பிறகுதான் அப்பாயியின் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. தட்டோடு பதிக்க இப்போதைக்குக் காசில்லை. வெள்ளையாவது அடிக்கலாமே. சுண்ணாம்புக் கல்லை முதல் நாளே தண்ணீரில் போட்டு நீற வைத்து, பழைய சேலையில் வடிகட்டி, கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஃபெவிகால் கொஞ்சம் கலந்தேன். தளத்தைக் கூட்டி, விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்து, விடியற்காலையில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மட்டையால் ஒரு கை அடித்தேன். அது காய்ந்ததும் குறுக்குவாட்டில் இன்னொரு கை. கூலியில்லாமல், சாமானுக்கு மட்டும், கூலர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று சங்கத்துப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டேன். என் வீடும் பக்கத்து வீடும் ஒரே வருஷம், ஒரே திட்டம், ஒரே கொத்தனார். ஸ்டூலில் ஏறித் தளத்தின் அடிப்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ண வேண்டும். பக்கத்து வீட்டில் ஆறு, ஏழுக்கு மேல் யாரும் எண்ணவில்லை. என் வீட்டில் எல்லாரும் பத்து எண்ணினார்கள். குளிர்ச்சி என்று சொல்ல மாட்டேன், அப்பாயி அடித்த மச்சுக்கு ஈடாகாது. ஆனால் தூளி கட்டலாம்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்: பங்குனி மாசத்தில் ஆளுக்கு ஆள் உதவியாகத் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது, சாமான் செலவுக்கு உள்கடன், ஆறு தவணை. முதல் வருஷம் ஏழு வீடு. ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி கரைந்துவிடும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்கிறது. அது இதில் உள்ள குறைதான்.

பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயம். நீறுகிற சுண்ணாம்பின் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் கண் போய்விடும். நீங்களும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டின் மேல் ஏறாதீர்கள், உடைந்து விழுந்துவிடுவீர்கள். அதைத் தேய்த்துக் கழுவவும் கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம். ஏணியில் நின்றபடி ஓரத்திலிருந்து நீளக் கழி கட்டி அடித்தால் போதும். உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டச் சொல்லிச் சிலர் வருகிறார்கள். வேண்டாம், கீற்றைவிட மோசமாகத் தீப்பிடிக்கும். தளத்துக்கு மேலே கீற்றுப்பந்தல் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை, மேலே சொன்ன காரணம்தான். மேற்குச் சுவர் ஓரமாகப் பந்தல் கட்டிப் பீர்க்கனோ சுரையோ ஏற்றிவிட்டால் சாயங்கால வெயில் சுவரில் படாது, கறிக்கும் ஆகும்.

2000-க்கு முன் கட்டிய தொகுப்பு வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024-ல் அரசு திட்டம் அறிவித்தது. இரண்டரை லட்சம் வீடு, 2,000 கோடி ரூபாய். உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சியில் கேளுங்கள். ஓவர்சியர் மதிப்பீடு எடுக்க வரும்போது, "அடியில உதிர்ற காரையை மட்டும் பூசிட்டுப் போகாதீங்க சார், மேல தட்டோடு பதிக்கிறதையும் சேத்து எழுத முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முடியாது என்றால் ஏன் என்று கேட்டு, அதைக் கிராமசபையில் மனுவாகக் கொடுங்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை, மறுபடி கேட்போம்.

என் பெண்ணுக்கு இப்போது இரண்டாவது மாசம். இந்தத் தடவை புகுந்த வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றாள். கார்த்திகைக்கு மேல்தான் பிறக்கும், சூடு இருக்காது, வா என்றேன். மூத்தவன் தூளியை விட்டு இறங்கி ஓடுகிறான்.

வருகிற பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் பதினோரு வீடு. சுண்ணாம்புக் கல் சொல்லியாகிவிட்டது. மட்டைதான் பத்தாது. வைத்திருக்கிறவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள், காலைப் பலகாரம் எங்கள் வீட்டில்.